தவறி விழுந்தவர்களின் பக்கம்

என் தங்கைக்குக் கம்பி ஆலையில் வைத்த பெயர் பஞ்சு. மருந்து அறையில் வேலை பார்ப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் கூடப் பிறந்த எனக்குத் தெரியும், அவளிடம் பஞ்சு மாதிரி எதுவுமே கிடையாது. நான் தையற்காரி. முரட்டுத் துணிகூட இரண்டு முறை தண்ணீரில் முக்கினால் வழிக்கு வந்துவிடும். இவள் வரமாட்டாள்.

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுப்பார். கரண்டி, செருப்பு, ஒரு முறை சைக்கிள் பம்பு. அம்மாவின் முன்பற்கள் இரண்டு அந்தப் பம்பில்தான் போயின. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள் அம்மா. அவள் சொன்ன கணக்குப்படி அத்தனை முறை வழுக்கியிருந்தால், அந்தக் குளியலறையை நகராட்சி வந்து பூட்டியிருக்க வேண்டும். நானும் அதையே சொல்லிப் பழகிவிட்டேன். கன்னம் வீங்கினால் வழுக்கி விழுந்தேன், முட்டி பெயர்ந்தால் வழுக்கி விழுந்தேன்.

தங்கைக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்து டீச்சர் அவள் காதோரக் காயத்தைப் பார்த்து, விழுந்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறார். "இல்ல டீச்சர், அப்பா அடிச்சாரு" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள். டீச்சர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் இவளுக்கு விழ ஆரம்பித்தது. பெல்ட்டின் கொக்கிப் பக்கம். அடி ஓய்ந்த பிறகு நான் அவள் முதுகைத் துடைத்துக்கொண்டே திட்டினேன்.

"ஏண்டி, விழுந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

"நான் விழவே இல்லையே அக்கா" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் ஒன்று வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கையை எங்காவது ஒளித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வளர்ந்தோம். அப்பா செத்தார். நான் அழவில்லை, அதை மறைக்கவும் இல்லை. எனக்குத் தையல் கைவந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை பிடித்துக் 'கச்சிதம்' என்று பெயர் வைத்தேன். தங்கை முதலுதவி படித்துவிட்டுக் கம்பி ஆலையின் மருந்து அறையில் சேர்ந்தாள். உலைக்கும் வாசலுக்கும் நடுவில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு வெள்ளை அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி. சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரை நேராக உள்ளே உருட்ட வேண்டும் என்பதால் வாசலில் படி கிடையாது. அறை தரையோடு தரையாக இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவள் வேலை, காயத்தைக் கழுவிக் கட்டுவது, பிறகு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது. அந்தச் சீட்டு இருந்தால்தான் காயம்பட்டவனுக்கு விடுப்பு. சீட்டில் 'காரணம்' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் என்ன எழுதுவது என்பதைச் சொல்கிறவர் மேஸ்திரி. கம்பி மேஸ்திரி என்றால்தான் ஆலையில் தெரியும். அறுத்துப் போட்ட கம்பியில் முழ நீளத்துக்கு ஒரு துண்டு எப்போதும் அவர் கையில் இருக்கும், பிடி வழுக்காமல் இருக்க ஒரு முனையில் துணி நாடா சுற்றியிருப்பார். வேலை தொய்ந்தால் முதுகில் ஒன்று. எதிர்த்துப் பேசினால் முழங்காலுக்குப் பின்னால். கம்பியால் அடித்த காயம் தண்டவாளம் மாதிரி இருக்குமாம். இரண்டு பக்கமும் சிவந்த கோடு, நடுவில் வெளுத்த தோல். ஒன்பது வருடம் அந்தத் தண்டவாளங்களைக் கழுவினாள் என் தங்கை. ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரி பக்கத்தில் நின்று, "தவறி விழுந்தார்னு எழுதும்மா" என்பார். எழுதாவிட்டால் அடிபட்டவனுக்கு விடுப்பு கிடைக்காது. எழுதினாள்.

"வீட்டுல சொல்லாத பொய்யை எல்லாம் இப்ப சீட்டுல எழுதறேன் அக்கா" என்று சிரிப்பாள். அது சிரிப்பில்லை.

போன வருடம் கிரேன்காரர் செத்தார். கொக்கிச் சங்கிலி தேய்ந்துவிட்டது, சுமை தூக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி அவரைக் கிரேன் ஏணிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய் அடித்ததை நான்கு பேர் பார்த்தார்கள். ஆறாவது அடி தலையில். ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது மூச்சு இருந்தது. என் தங்கை அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் மெத்தென்று உள்ளே போனதாம். வண்டி வருவதற்குள் கட்டிலிலேயே போய்விட்டார். மேஸ்திரி கம்பியைத் தொட்டியில் கழுவிக்கொண்டே, "ஏணியிலேர்ந்து தவறி விழுந்தார்" என்றார். அவள் எழுதிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து, நகக்கண்ணில் இருந்த ரத்தத்தை என் தையல் ஊசியால் தோண்டி எடுத்தாள். எடுத்து முடித்த பிறகும் தோண்டிக்கொண்டே இருந்தாள். நான் ஊசியைப் பிடுங்கினேன்.

"நான் எழுதினேன்க்கா. என் கையெழுத்து. அவர் பொண்டாட்டி அந்தச் சீட்டைக் கையில வாங்கிப் படிச்சுட்டு என்னைப் பார்த்தா பாரு..." என்றாள்.

அவளுக்கு வெறி பிடித்தது அன்றைக்குத்தான்.

இனிக் கம்ப்யூட்டர் கதை. கடைக்கு ஒன்று வாங்கியிருந்தேன். சந்துமுனையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் மாஸ்டர் வந்து அதைத் தயார்செய்தபோது, இதற்குப் பயனர் பெயர் என்ன வைக்கட்டும் என்று கேட்டார். கடைப் பெயரையே வையுங்கள் என்றேன். தங்கை அந்த மாஸ்டரிடம் மூன்று மாதம் இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டாள். கோடு கோடாக ஆங்கிலத்தில் அடிக்கும் வித்தை இல்லை. எடிட்டர் என்று ஒன்று. பக்கம் எப்படித் தெரியுமோ அப்படியே திரையில் இருக்கும், அதன்மேலேயே எழுதலாம், படம் வைக்கலாம். என் கடைக்கு ஒரு பக்கம் செய்தாள். 'சீருடை' என்ற சொல்லை மவுஸால் தேய்த்துக் கறுப்பாக்கி, மேலே இருக்கும் சங்கிலிப் படத்தை அழுத்தி, எங்கே போக வேண்டும் என்று காட்டினால், சொல் நீலமாகிக் கீழே கோடு விழும். அதை அழுத்தினால் சீருடைப் படம் திறக்கும். அந்தப் பக்கத்தை மாஸ்டர் வாங்கி, சரிபார்த்து, அவரே இணையத்தில் ஏற்றிக் கொடுத்தார்.

"மேல தெரியறது ஒண்ணு, பின்னால இருக்கறது வேற ஒண்ணு அக்கா. அதுதான் லிங்க்" என்று எனக்கு விளக்கினாள்.

"அப்ப நம்ம அப்பா ஒரு லிங்க்டி" என்றேன். வெளியில் அவர் அவ்வளவு மரியாதைக்காரர். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் எதையோ பிடித்துக்கொண்டாள் என்பது அப்போதே அவள் கண்ணில் தெரிந்தது.

கிரேன்காரர் வழக்கு ஒரு தொழில்துறை விசாரணை அதிகாரியிடம் இருந்தது. என் தங்கை அவரை ரகசியமாகப் போய்ப் பார்த்தாள். அவர் நல்லவரா கெட்டவரா என்று முகத்தில் எதுவும் தெரியாதாம். "எங்க ஆபீஸ்ல காகிதம் குடுத்தா காகிதம் காணாமப் போகுது. நான் எங்கிருந்தும் திறந்து பார்க்கற மாதிரி ஒரு இடத்துல போடுங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு இந்த ஃபைலை மூடச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள ஆதாரம் வந்தா மூட மாட்டேன்" என்றாராம்.

அதற்கு முன்பே நாங்கள் படம் எடுக்க ஆரம்பித்திருந்தோம். ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே ஒரு பெட்டியில் போட வேண்டும். அதனால் அடிபட்டவர்கள் சட்டை தைக்க வருகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்கு வருவார்கள். போட்டுப் பார்க்கும் அறையின் திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றுவார்கள். காயத்தின் அளவு தெரிய வேண்டும் என்று என் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வாள். நான் பிடிப்பேன், அவள் எடுப்பாள். பதினோரு அங்குலம். ஏழரை. ஓர் உலைக்காரரின் முதுகில் ஒன்பது கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன, எதை அளப்பது என்று தெரியாமல் நின்றேன். "காலருக்கு அளவு எடுத்த மாதிரியே எடுங்கக்கா, கூசாது" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். பதினெட்டுப் பேர். பத்தொன்பதாவது, கிரேன்காரரின் மண்டை. அவர் மனைவி வீட்டில் எடுத்து வைத்திருந்த படம்.

பக்கத்தில் முகமும் இல்லை, பெயரும் இல்லை. பத்தொன்பது வரி, அவ்வளவுதான். ஒவ்வொரு வரியிலும் சீட்டில் இருந்த சொற்கள் மட்டும். 'உலையருகே தவறி விழுந்தார்.' 'கழிவறையில் வழுக்கி விழுந்தார்.' 'ஏணியிலிருந்து தவறி விழுந்தார்.' எல்லாம் நீல எழுத்து. அழுத்தினால் அந்த முதுகு திறக்கும். அவள் ஆறு வயதில் சொன்னதையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். இந்த முறை நான் அடிக்கவில்லை.

மாஸ்டரிடம் காட்டினால் விஷயம் வெளியே போய்விடும் என்று, புதன்கிழமை மத்தியானம் அவளே பக்கத்தை இணையத்தில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு, என் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைத் திறந்து பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் திறந்தன.

வியாழக்கிழமை காலையில் அதிகாரி அவளுக்குப் போன் செய்தார். "நீலமா எழுத்து இருக்கு. அழுத்தினா ஒண்ணுமே வரலையேம்மா."

என் கடைக்கு ஓடி வந்தாள். என் கம்ப்யூட்டரில் அழுத்தினாள், திறந்தது. "எனக்குத் திறக்குதே!" என்றாள். என் போனில் அழுத்தினோம், சப்பென்று இருந்தது. மறுபடி கம்ப்யூட்டருக்குப் போய், அழுத்தாமல், நீல எழுத்தின்மேல் மவுஸைச் சும்மா நிறுத்தினாள். திரையின் அடிமூலையில் பொடி எழுத்தில் ஒரு முகவரி வந்தது. அதைப் படித்தவள் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே வடிந்தது.

நடந்தது இதுதான். லிங்க் போடும்போது, படம் எங்கே என்று எடிட்டர் கேட்டது. அவள் என் கம்ப்யூட்டருக்குள் இருந்த படத்தைக் காட்டினாள். அது அந்த வழியையே அப்படியே எழுதிக்கொண்டது. படங்கள் இணையத்துக்குப் போகவே இல்லை. என் கம்ப்யூட்டரில் இருந்து பார்த்தால் படம் இங்கேயே இருக்கிறது, திறக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் திறக்காது. கடைப் பக்கத்திலும் இதே தப்பைச் செய்திருப்பாள், மாஸ்டர் சத்தமில்லாமல் திருத்தியிருப்பார். எடிட்டர் நீல எழுத்தை மட்டும் காட்டும், பின்னால் இருப்பதைக் காட்டாது.

அவள் முகம் வெளுத்தது அதற்காக இல்லை. "அக்கா, இந்த வழியைப் படி" என்றாள். படித்தேன். சி டிரைவ், அதற்குள் பயனர், அதற்குள் கச்சிதம். பத்தொன்பது வரியிலும் கச்சிதம், கச்சிதம், கச்சிதம். மவுஸை மேலே கொண்டுபோகிற யாருக்கும் என் கடைப் பெயர் தெரியும். பக்கம் இருப்பது பத்தொன்பது குடும்பத்துக்குத் தெரியும். அது அவர்களோடு நின்றிருக்குமா?

"பக்கத்தை எடுத்துடுடி" என்றேன்.

"எடுத்தா நாளைக்கு அஞ்சு மணிக்கு அவரு எதைப் பார்ப்பாரு?"

பேச்சுக்கு நேரமில்லை. இரண்டு மணி ஷிஃப்டுக்கு அவள் போகாவிட்டால் மேஸ்திரிக்குச் சந்தேகம் வரும். படங்களை எல்லாம் இணையத்தில் ஏறும்படி போட்டாள். பெரிய படங்கள், மெதுவாக ஏறின. "ஏறி முடியட்டும். ராத்திரி வந்து ஒவ்வொண்ணா புது முகவரி குடுத்துடறேன். இனிமே நம்ம கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு சரின்னு சொல்லவே கூடாதுக்கா. அடுத்தவங்க போன்ல பார்க்கணும்" என்றாள். போகும்போது கதவருகே நின்று, "கடையை மூடிட்டு வீட்டுக்குப் போயேன்" என்றாள். மூடினால் படம் ஏறுவது நின்றுவிடும். நான் மூடவில்லை. எனக்கும் அந்தப் பக்கத்தின்மேல் ஆசை வந்திருந்தது.

இரண்டே முக்காலுக்கு 'முடிந்தது' என்று திரையில் வந்தது. மூன்று மணிக்கு மேஸ்திரி வந்தார், கூட இரண்டு தடியன்கள். ஒருவன் ஷட்டரை இழுத்து இறக்கினான். மேஸ்திரி நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். கம்பியால் முதலில் திரையை அடித்தார், பிறகு மேசைக்குக் கீழே இருந்த பெட்டியை, அது தகரமாக மடியும்வரை. நான் கத்தினேன். ஒருவன் என் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை வெட்டுப் பலகையில் மோதினான். மூக்குக்குள் ஏதோ நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"யாரு போட்டது?" என்றார் மேஸ்திரி.

"நான்தான்."

"உனக்கும் என் ஆலைக்கும் என்ன சம்பந்தம்? ஆலைக்குள்ள இருக்கற ஆள் யாரு? சீட்டு வாசகம் மொத்தமும் தெரிஞ்ச ஆள்."

"நான்தான் போட்டேன்."

என்னை இழுத்துப் பவர் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அதில் முரட்டுத் துணிக்கான பதினெட்டாம் நம்பர் ஊசி மாட்டியிருந்தேன். ஒருவன் என் இடது கையைப் பிடித்து நடுவிரலை ஊசிக்குக் கீழே வைத்தான். மேஸ்திரி செருப்புக் காலை மிதிக்கட்டையில் வைத்தார். ஒரு தட்டு. ஊசி நகத்தின் வழியாக இறங்கி அடிப்பக்கத்தில் வெளியே வந்தது. இருபது வருடமாக அந்த மெஷின் சத்தம் எனக்குத் தாலாட்டு. அன்றைக்குத்தான் அது என்ன சத்தம் என்று தெரிந்தது. சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியைத் தூக்கினார். "யாரு?" நான் பேசவில்லை. இரண்டாவது தட்டு. வாந்தி எடுத்தேன். "யாரு?" அம்மா என்று கத்தினேன், செத்தவள் எப்படி வருவாள். மூன்றாவது தட்டில் ஊசி எலும்பில் பட்டு முறிந்து பாதி உள்ளேயே நின்றது.

சொல்லிவிட்டேன். "என் தங்கச்சி. மருந்து ரூம்ல இருக்கா."

ஐந்தே வார்த்தைகள். அவர்கள் போய்விட்டார்கள். ஷட்டரைக்கூடத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

தங்கைக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, வாசல் பெட்டிக்குள் அடிக்கும் போனை யார் எடுப்பார்கள்? விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு வாடகைக் காரை நிறுத்தினேன். ஆலை வாசலில் காவலாளி, நான் பேன்ட் தைத்துக் கொடுத்த ஆள்தான், "உள்ள விட முடியாதும்மா, மேஸ்திரி சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன், வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே எதையோ இரும்பால் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலைச் சத்தம் என்று நினைத்தேன்.

அது கதவு. மேஸ்திரி மருந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டிருக்கிறார். உலைக்காரர்கள் அவள் அலறலைக் கேட்டு, உலை கிளறும் கடப்பாரையால் கதவை உடைத்திருக்கிறார்கள். அதனால்தான் உயிர் மிஞ்சியது. ஒன்பது கோடு முதுகுக்காரர்தான் முதல் ஆளாக உள்ளே பாய்ந்து மேஸ்திரியின் கையைக் கடித்துக் கம்பியைப் பறித்தாராம். ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வலது முன்னங்கை மூட்டு இல்லாத இடத்தில் மடிந்திருந்தது. இடது கண் இருந்த இடத்தில் ஒரு வீக்கம். அவள் ஸ்ட்ரெச்சர், அவள் உருட்டி உருட்டிச் சக்கரம் தேய்ந்தது, அதன்மேல் அவளே.

ஆஸ்பத்திரியில் ஆலையின் சீட்டைக் கேட்டார்கள். வண்டியோடு அனுப்பியிருந்தார்கள். மேஸ்திரியின் கோணல் கையெழுத்து. 'காரணம்: மருந்து அறைப் படியில் வழுக்கி விழுந்தார்.'

என் விரலில் இருந்து முறிந்த ஊசியை எடுத்த டாக்டர், மூக்கையும் பார்த்துவிட்டு, எப்படி ஆனது என்று கேட்டார். "மெஷின்ல மாட்டிக்கிச்சு. பதறி எழுந்தேனா, பலகையில மோதிக்கிட்டேன்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. அம்மா சொன்ன அதே குரலில்.

வெள்ளிக்கிழமை காலை தங்கைக்கு நினைவு வந்தது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இடது கையால் நோட்டு கேட்டாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று பயந்துகொண்டே நீட்டினேன். 'படம் ஏறிச்சா?' என்று எழுதினாள்.

"ஏறிடுச்சு. அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டரை உடைச்சாங்க."

'அப்ப நீ போய் லிங்க் போடு.'

"எனக்கு என்னடி தெரியும்?"

'பட்டன் தைக்கற மாதிரிதான்' என்று எழுதிவிட்டு, கோணல் மாணலாக நான்கு வரி எழுதினாள். சொல்லைத் தேய். சங்கிலியை அழுத்து. இணைய முகவரி மட்டும் குடு. வேற போன்ல பாரு. அதற்குக் கீழே கடவுச்சொல். கிளம்பும்போது என் கழுத்தில் கை நீட்டினாள். முந்தின நாளில் இருந்து அளவு டேப் அங்கேயே கிடந்திருக்கிறது. அவள் அதைத் தன் தாடையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நர்ஸ் வந்து கத்துவதற்குள் நான் படம் எடுத்தேன். ஐந்தே கால் அங்குலம். சீட்டையும் எடுத்தேன்.

மாஸ்டரின் வகுப்புக்குப் போனபோது மணி இரண்டரை. முதல் படம் திறந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு எழுந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "தள்ளுங்க, நான் போட்டுத் தரேன்" என்றார். வேண்டாம், நானே போடுகிறேன் என்றேன். கட்டுப் போட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கையால் செய்தேன். சொல்லைத் தேய்த்தேன், சங்கிலியை அழுத்தினேன், பழைய வழியில் இருந்த என் கடைப் பெயரை அழித்தேன், இணைய முகவரியை ஒட்டினேன். ஒவ்வொன்றையும் மாஸ்டர் தன் போனில் அழுத்திப் பார்த்து, "திறக்குது" என்பார். அவர் குரல் ஒவ்வொரு முறையும் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஏழாவதைத் தப்பாகப் போட்டு, இரண்டு பேருக்கு ஒரே முதுகு திறந்தது, திருத்தினேன். பத்தொன்பதாவது திறந்தபோது நான்கு மணி இருபது.

இருபதாவது வரியை நானே அடித்தேன். 'மருந்து அறைப் படியில் வழுக்கி விழுந்தார்.' தேய்த்தேன், சங்கிலியை அழுத்தினேன், மாஸ்டர் என் போனில் இருந்து இணையத்தில் ஏற்றிக் கொடுத்த தங்கையின் தாடையைக் கோத்தேன். இருபத்தொன்றாவதையும் அடித்தேன். 'தையல் மெஷினில் மாட்டிக்கொண்டது.' கட்டைப் பிரித்து, விரலைப் படம் எடுக்கச் சொல்லி மாஸ்டரிடம் நீட்டினேன்.

நான்கு ஐம்பதுக்கு அதிகாரிக்குப் போன் செய்தேன். "இப்ப அழுத்துங்க சார்."

மவுஸ் அழுத்தும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மருந்து ரூமுக்கு எத்தனை படி?"

"படியே கிடையாது சார். ஸ்ட்ரெச்சர் உருட்டிட்டுப் போற ரூம்."

"ஃபைலை மூடல" என்றார்.

சனிக்கிழமை அவர் போலீஸோடு ஆலைக்குப் போனார். மருந்து அறை வாசலில் நின்று, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "அந்தப் படியைக் காட்டுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னாராம். மேஸ்திரி தரையைப் பார்த்திருக்கிறார். உலைக்காரர்கள் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடித்த இடத்தில் கட்டுப் போட்ட கையில்தான் விலங்கு ஏறியது. கிரேன்காரர் வழக்கு இப்போது கொலை வழக்கு. தீர்ப்பு இன்னும் வரவில்லை, மேஸ்திரி உள்ளேதான் இருக்கிறார்.

என் தங்கையின் வலது கை முழுசாக மூடாது. இடது கண்ணில் நிழல் மட்டும் தெரியும். மருந்து அறைக்குப் போவதில்லை. வேறு ஆலைகளில் இருந்தெல்லாம் இப்போது அவளுக்குச் சீட்டுகள் வருகின்றன, பக்கம் நூற்று நாற்பது வரி தாண்டிவிட்டது. என் கடையில், என் மெஷினுக்கு எதிரில், மாஸ்டர் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் இடது கையால் செய்கிறாள். ஒவ்வொரு லிங்க்கையும் தெருவில் போகிற யாராவது ஒருவரைக் கூப்பிட்டு அவர் போனில் அழுத்திப் பார்க்கச் சொல்கிறாள். பார்த்தவர்கள் அந்தப் பக்கமே திரும்ப வருவதில்லை. எனக்கு வாடிக்கை போகிறது. நான் கத்துகிறேன், அவள் கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒன்பதாவது நாள். அவளுக்குக் கஞ்சியைக் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"உன் பேரை நான்தான்டி சொன்னேன்" என்றேன். "அவங்களா கண்டுபிடிக்கல. நான் சொன்னேன்."

அவள் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தாள். கஞ்சி சிந்தியது. நோட்டை இழுத்து எழுதினாள்.

'எத்தனாவது குத்துல?'

கட்டுப் போட்ட கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினேன்.

அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதி என் பக்கம் திருப்பினாள்.

'நானா இருந்தா முதல் குத்துலயே சொல்லியிருப்பேன். எனக்குத்தான் பொய் வராதே.'

கம்பி கட்டிய தாடையோடு சிரிக்கப்போய், வலியில் அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் அவள் வாயைத் துடைத்தேன். ஆறு வயதில் அவளை அடித்த அதே கையால்தான் துடைத்தேன்.